பழைய வீட்டுக் கணிப்பொறியில் திரைக் கோளாறும் நினைவகக் கோளாறும்

மட்டாஞ்சேரியில் கடலும் காயலும் வீட்டுச் சுவரிலிருந்து வெகு தொலைவில் இல்லை. பஜார் வீதியின் சரக்கறைகளில் மிளகும் சுக்கும் பூசணம் பிடிக்காமல் காப்பதற்கு வியாபாரிகள் படும் பாட்டை அவ்வூர் மக்கள் நன்கு அறிவர். அதே ஈரக்காற்று வீட்டிலுள்ள மின்னணுச் சாதனங்களையும் மெல்ல மெல்ல அரித்து வருகிறது என்பது அவ்வளவாக உணரப்படுவதில்லை. பல ஆண்டுகள் பரணில் கிடந்த ஒரு சிறு கணிப்பொறியை எடுத்து, தூசி தட்டி, மின்சாரம் கொடுத்துப் பார்க்கும்போதுதான் அது வெளிப்படுகிறது. திரையில் எழுத்துக்களுக்குப் பதிலாகக் கோடுகளும் கட்டங்களும் தோன்றுகின்றன.

இந்தியாவில் பள்ளிகளுக்குக் கணிப்பொறி வந்தது 1984-85-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய முன்னோடித் திட்டத்தின் வாயிலாகும். அத்திட்டத்தில் பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் செய்த பி.பி.சி. மைக்ரோ என்னும் யந்திரம் வழங்கப்பட்டது. வீடுகளுக்கு வந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது ஸ்பெக்ட்ரம் ஆகும். ஸின்க்ளேர் நிறுவனம் 1982-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்த யந்திரத்தின் திருத்திய வடிவமாகிய ஸ்பெக்ட்ரம் பிளஸ் 1984-ஆம் ஆண்டில் வந்தது. 1980-களின் பிற்பாதியில் உரிமம் பெற்று இந்தியாவிலேயே அது ‘டி.பி. ஸ்பெக்ட்ரம்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகவும், ஒலிநாடாக் கருவியையே சேமிப்புச் சாதனமாகவும் கொண்ட எளிய யந்திரம் அது. அதன் அமைப்பு முழுவதும் வெளிப்படையாக இருப்பதால், கணிப்பொறியின் உள்ளியக்கத்தை மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியருக்கு அது இன்றும் சிறந்த பாடக் கருவியாகும். ஆகவே இக்கட்டுரையில் அதுவே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இத்தகைய யந்திரம் பழுதுபட்டால் பழுது பார்ப்போரிடமிருந்து சாதாரணமாக வரும் பதில், “நினைவகம் போய்விட்டது, எல்லாச் சில்லுகளையும் மாற்ற வேண்டும்” என்பதே. இவ்வறிவுரை பெரும்பாலும் பிழையானது. சில வேளைகளில் பெருங்கேடு விளைப்பதுமாகும். ஸ்பெக்ட்ரத்தில் பதினாறு நினைவகச் சில்லுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பதினாறு கால்கள். ஆக 256 பற்றுக்களை உருக்கிப் பிரித்தால், முப்பது நாற்பது ஆண்டு வயதான சுற்றுப் பலகையின் செம்புத் தடங்கள் உரிந்து வந்துவிடும். அன்றியும், இச்சில்லுகள் இப்போது உற்பத்தி செய்யப்படுவதில்லை. கையிருப்பிலுள்ள பழஞ்சரக்கே கிடைக்கிறது. காரணத்தை அறியாமல் புதிய சில்லுகளைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் முதல் எட்டைக் கொன்ற அதே குறை அடுத்த எட்டையும் கொன்றுவிடும். எனவே பற்றாசுக் கோலைக் கையில் எடுக்குமுன் திரையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

திரையில் தெரிவது எது?

தொலைக்காட்சியில் தெரியும் படம் கணிப்பொறியின் நினைவகத்தில் ஒரு பகுதியே ஆகும். ஸ்பெக்ட்ரத்தின் படம் குறுக்கே 256 புள்ளிகளும் நெடுக்கே 192 புள்ளிகளும் கொண்டது. எட்டுப் புள்ளிகளுக்கு ஒரு பைட் வீதம், 6,144 பைட்டுகளில் இப்புள்ளிகள் எழுதிவைக்கப்படுகின்றன. அடுத்துள்ள 768 பைட்டுகள் வண்ணங்களைக் குறிப்பவை. எட்டுக்கு எட்டு என்ற ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பைட் உண்டு. அதில் மூன்று பிட்டுகள் எழுத்தின் நிறத்தையும், மூன்று பிட்டுகள் பின்னணியின் நிறத்தையும், எஞ்சிய இரண்டு பிரகாசத்தையும் கண் சிமிட்டலையும் தீர்மானிக்கின்றன. யூ.எல்.ஏ. எனப்படும் பெரிய சில்லு இந்த 6,912 பைட்டுகளை ஒரு நொடிக்கு ஐம்பது தடவை படித்துத் தொலைக்காட்சிக்கு அனுப்புகிறது.

ஆனால் படத்தைச் சுற்றியுள்ள ஓரப்பட்டை அவ்வாறு நினைவகத்திலிருந்து வருவதன்று. யூ.எல்.ஏ.வுக்குள் அமைந்த மூன்று பிட்டுகளே அதன் நிறத்தை நிர்ணயிக்கின்றன. இவ்வேறுபாடு பழுதறிவதற்கு மிகவும் பயன்படும். ஓரப்பட்டை ஆடாமல் அசையாமல், சரியான நிறத்தில் நிற்க, நடுவிலுள்ள படம் மட்டும் சிதைந்திருந்தால், தொலைக்காட்சிப் பெட்டி, இணைப்புக் கம்பி, அலைமாற்றி, யூ.எல்.ஏ.வின் ஒத்திசைவுப் பகுதி ஆகிய யாவும் நலமாக உள்ளன என்று கொள்ளலாம். குற்றம் நினைவகத்தின் பக்கமே உள்ளது. ஓரமும் நடுவும் ஒருங்கே நெளிந்தாலோ உருண்டாலோ வெண்புள்ளிகளால் மூடப்பட்டாலோ நினைவகத்தைத் தொடவே வேண்டியதில்லை. முதலில் வேறொரு தொலைக்காட்சிப் பெட்டியையும் வேறொரு கம்பியையும் இணைத்துப் பார்க்க வேண்டும். இவ்வொரு சோதனையைச் செய்யாமல் யந்திரத்தைப் பிரித்தவர் பலர்.

பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியைப் பள்ளி ஊழியர் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. வண்ணப் படக்குழாயின் நேர்முனையில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அது தங்கியிருப்பதுண்டு.

மின்னழுத்தமே முதற்சோதனை

ஸ்பெக்ட்ரத்தின் நினைவகம் இரு பிரிவானது. கீழ்ப்பிரிவு 16 கிலோபைட். 4116 என்னும் எட்டுச் சில்லுகள் சேர்ந்து அதனை ஆக்குகின்றன. திரைப்படமும், யந்திரம் தன் வேலைக்காக வைத்துக்கொள்ளும் குறிப்புக்களும் இங்கேதான் உள்ளன. மேற்பிரிவு 32 கிலோபைட். ஒவ்வொரு பிரிவிலும் எட்டுச் சில்லுகள் இருப்பதற்குக் காரணம், ஒரு பைட்டின் எட்டுப் பிட்டுகளை ஆளுக்கு ஒன்றாக அவை பகிர்ந்துகொள்வதே.

4116 சில்லுக்கு மூன்று வித அழுத்தங்கள் வேண்டும்: முதலாம் காலில் எதிர் 5 வோல்ட், எட்டாம் காலில் 12 வோல்ட், ஒன்பதாம் காலில் 5 வோல்ட். பதினாறாம் கால் பூமி இணைப்பு. வெளியிலிருந்து வரும் மின்வழங்கி தருவது ஏறக்குறைய 9 வோல்ட் மட்டுமே. 5 வோல்ட்டை ஒரு சீராக்கி அதிலிருந்து பெறுகிறது. 12 வோல்ட்டையும் எதிர் 5 வோல்ட்டையும் ஒரு சிறு கம்பிச்சுருளும் இரண்டு டிரான்ஸிஸ்டர்களும் சேர்ந்து உண்டாக்குகின்றன. இந்த மாற்றியே யந்திரத்தின் மிக நலிந்த உறுப்பாகும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கையில் பின்புற இணைப்பில் ஏதேனுமொரு கருவியைச் செருகினாலோ பிடுங்கினாலோ ஒரு கணத்தில் அந்த டிரான்ஸிஸ்டர் எரிந்துவிடும். எதிர் 5 வோல்ட் நின்று 12 வோல்ட் மட்டும் தொடர்ந்தால் கீழ்ப்பிரிவின் சில்லுகள் உஷ்ணமேறி அழியும். சில்லுகளை மாற்றியும் பயனில்லை என்று முன்பு கூறியதன் காரணம் இதுவே.

ஆதலால் மல்டிமீட்டரால் இம்மூன்று அழுத்தங்களையும் அளந்த பிறகே மற்றவற்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றும் குறித்த அளவிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகக்கூடாது. அளக்கும்போது ஊசிமுனை வழுக்கி அடுத்த காலைத் தொடாதபடி ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும். வேறொரு சாதனத்தின் மின்வழங்கியைக் கொண்டு இயக்க முயல்வோர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஸ்பெக்ட்ரத்தின் செருகியில் நடுமுனை எதிர்மின். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலானவற்றில் நடுமுனை நேர்மின்.

சிவப்புக் கோடுகள் கூறும் செய்தி

யந்திரம் இயங்கத் தொடங்கியதும் தன் நினைவகத்தைத் தானே பரிசோதித்துக்கொள்கிறது. எழுதும் நினைவகம் முழுவதிலும் 2 என்ற எண்ணை முதலில் நிரப்புகிறது. பின்னர் ஒவ்வோர் இடமாகச் சென்று அவ்வெண்ணை இரண்டு முறை ஒவ்வொன்றாகக் குறைத்து, சுழி வருகிறதா என்று பார்க்கிறது. இச்சோதனை திரையிலேயே தெரியும் என்பது சுவையான விஷயம். 2 என்பது இரட்டை எண் முறையில் 00000010. புள்ளியாகக் கொண்டால் எட்டில் ஏழாவது புள்ளி மட்டும் எரியும். நிறமாகக் கொண்டால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு. ஆகவே நலமாயுள்ள யந்திரத்தில் கறுப்புப் பரப்பின்மீது 32 மெல்லிய சிவப்புக் கோடுகள் ஒரு கணம் செங்குத்தாகத் தோன்றி மறையும். அதன் பின்னரே வெண்திரையும் உரிமை அறிவிப்பு வரியும் வரும்.

கீழ்ப்பிரிவில் ஒரு சில்லு கெட்டிருந்தால் இக்கோடுகளே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். உதாரணமாக, கடைசிப் பிட்டுக்குரிய சில்லு எப்போதும் 1 என்றே காட்டுவதாக வைத்துக்கொள்வோம். எழுதப்பட்ட 2 படிக்கும்போது 3 ஆகிவிடும். 3 என்பது 00000011. ஆகவே ஏழாவது, எட்டாவது புள்ளிகள் இரண்டும் எரிய, கோடு இரு மடங்கு தடிப்பாகும். நிறத்திலும் 3 என்பது ஊதா கலந்த செந்நிறம். தடித்த செவ்வூதாக் கோடுகள் திரையில் அப்படியே உறைந்து நின்றால், எட்டுச் சில்லுகளில் எது பழுது என்பது யந்திரத்தைத் திறக்காமலே விளங்கிவிடுகிறது. இதே கணக்கை மற்ற பிட்டுகளுக்கும் மாணவரைக் கொண்டு போட்டுப் பார்க்கச் சொல்லலாம். முதற்பிட்டு 1-இல் நின்றுவிட்டால் முதற்புள்ளியில் இன்னொரு கோடு தோன்றுவதோடு, அக்கட்டங்கள் யாவும் சிமிட்டத் தொடங்கும். ஏழாவது பிட்டு சுழியில் நின்றுவிட்டாலோ கோடே தோன்றாது. திரை கறுப்பாகவே இருக்கும்.

கோடுகளில் ஓர் ஒழுங்கும் இல்லாமல் எட்டுப் பிட்டுகளும் தாறுமாறாக இருந்தால் எட்டுச் சில்லுகளும் ஒரே நாளில் கெட்டன என்று எண்ணலாகாது. அவை எட்டுக்கும் பொதுவான ஒன்றே கெட்டிருக்க வேண்டும். முன்கூறிய அழுத்தங்களையே மறுபடியும் நாட வேண்டும்.

மேற்பிரிவின் கோளாறு

மேற்பிரிவு கெட்டால் திரையில் எவ்விதக் குறியும் தெரியாது. உரிமை அறிவிப்பு வழக்கம்போல் வரும். சிறு நிரல்கள் ஓடும். ஒலிநாடாவிலிருந்து பெரிய நிரலை ஏற்றும்போது மட்டும் நினைவகம் போதவில்லை என்ற செய்தி வரும். நாடா கெட்டுவிட்டது என்று கருதி நல்ல நாடாவை எறிந்துவிடுவதும் உண்டு. இந்நிலையில் ‘பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733’ என்று தட்டச்சு செய்தால், சோதனையில் தேறிய கடைசி விலாசத்தை யந்திரமே கூறும். 65535 என்று வந்தால் நினைவகம் முழுவதும் தேறியது. 32767 என்று வந்தால் மேற்பிரிவின் முதல் இடத்திலேயே சோதனை தவறியது. இடைப்பட்ட எண் வந்தால் அதற்கு அடுத்த விலாசத்தில் பழுது உள்ளது.

எந்தச் சில்லு என்பதை அறிய, முதலில் ‘கிளியர் 32767’ என்ற கட்டளையால் மேற்பிரிவை ஒதுக்கிக்கொண்டு, அதன் எல்லா இடங்களிலும் 170 என்ற எண்ணைப் ‘போக்’ கட்டளையால் எழுத வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்து ‘பீக்’ கட்டளையால் படிக்க வேண்டும். பிறகு 85-ஐக் கொண்டு அதனையே திரும்பச் செய்ய வேண்டும். 170 என்பது 10101010. 85 என்பது 01010101. இவ்விரண்டும் சேர்ந்து ஒவ்வொரு பிட்டையும் ஒரு தடவை 1 ஆகவும் ஒரு தடவை சுழியாகவும் சோதிக்கின்றன. 170 எழுதிய இடத்தில் 138 கிடைத்தால் குறைவது 32. ஆகவே 32-க்குரிய பிட்டின் சில்லு பழுது. எழுதியவுடனே படித்துப் பார்ப்பது போதாது. இந்நினைவகம் கல்வெட்டைப் போன்றதன்று. ஓட்டைக் குடத்தைப் போன்றது. அமெரிக்காவில் ராபர்ட் டென்னார்ட் என்பவர் 1966-ஆம் ஆண்டில் கருதி, 1968-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒரு மிகச்சிறு கண்டென்ஸரில் நிற்கும் மின்னேற்றமே ஒரு பிட்டாகும். அது கசிந்துகொண்டே இருப்பதால், இரண்டாயிரத்தில் ஒன்று என்ற பங்கு நொடிகளுக்குள் அன்று, ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடிக்குள் மீண்டும் நிரப்பப்பட வேண்டும். இஸட்-80 என்னும் மையச் சில்லு 128 வரிசைகளையும் முறைவைத்துத் தொட்டு இதனைச் செய்கிறது.

இக்கசிவு ஏறக்குறைய ஒவ்வொரு பத்து டிகிரி உஷ்ணத்துக்கும் இரு மடங்காகிறது. காலையில் நன்றாக ஓடும் யந்திரம் அரைமணி நேரம் கழித்துக் குழம்புவதற்கு இது ஒரு காரணம். எனவே யந்திரம் நன்கு சூடான பின்னும் சோதனையை ஒருமுறை செய்ய வேண்டும். இதற்கு மாறாக, ஒரு தடவை மட்டும் தோன்றி மறுபடி தோன்றாத பிழையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சில்லின் உறையிலுள்ள மிக நுண்ணிய கதிரியக்கப் பொருள்கள் வெளிவிடும் ஆல்பாத் துகள்கள் ஒரு பிட்டை மாற்றிவிடக்கூடும் என்று இன்டெல் நிறுவனத்தினர் 1978-ஆம் ஆண்டில் அறிவித்தனர். கேரள ஆசிரியர்கள் இதைக் கேட்டதும் சவறாவின் தோரியம் கலந்த மணலை நினைக்கலாம். அம்மணலுக்கு இதில் பங்கில்லை; வெளியிலிருந்து வரும் ஆல்பாத் துகளை ஒரு தாளே தடுத்துவிடும்.

சில்லை மாற்றுதல்

பழுதான சில்லு இன்னதென்று தெரிந்தபின் அதனை மட்டும் மாற்ற வேண்டும். பழைய சில்லைக் காப்பாற்ற முயலாமல், அதன் கால்களை நுண்ணிய வெட்டியால் வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி எடுப்பதே பலகைக்கு நல்லது. அந்த இடத்தில் சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்துப் புதியதைச் செருக வேண்டும்.

மேற்பிரிவுச் சில்லுகளைப் பற்றி ஒரு வினோதச் செய்தி உண்டு. அவற்றுள் 4532 என்னும் இனம் உண்மையில் 64 கிலோபிட் சில்லே. தொழிற்சாலைச் சோதனையில் ஒரு பாதி தவறியவற்றை ஒதுக்கி எறியாமல், நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தும்படி மலிவாக விற்றனர். எந்தப் பாதி நல்லது என்பதைச் சில்லின் மேலுள்ள குறி காட்டும்; எட்டும் ஒரே பாதியினவாக இருத்தல் வேண்டும். குறி மாறிய சில்லைப் பொருத்திவிட்டு, புதியதும் கெட்டது என்று முடிவு கட்டக்கூடாது. முழு நலமுடைய 4164 சில்லு இருந்தால் இத்தொல்லை இல்லை. அதை எந்தப் பாதிக்கும் வைக்கலாம். ஆனால் அதே 4164-ஐக் கீழ்ப்பிரிவில் 4116-க்குப் பதிலாக வைத்தல் கூடாது. இரண்டும் உருவிலும் கால்களின் எண்ணிக்கையிலும் ஒன்றாகவே இருக்கும். எனினும் கீழ்ப்பிரிவில் எட்டாம் காலில் 12 வோல்ட் நிற்கிறது. 4164 அக்காலில் எதிர்பார்ப்பதோ 5 வோல்ட். மின்சாரம் கொடுத்த மாத்திரத்தில் அது அழியும்.

உப்பும் ஈரமும்

கொச்சியின் சிறப்பான தொல்லை இதுவே. சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் தானாக நீர் விடுவதைக் காணாதவர் இலர். காற்றின் சார்பு ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையில் கொச்சியில் ஈரப்பதம் இவ்வளவுக்கு மேல் நிற்பது வழக்கம். கொச்சிக் கோட்டையை அடுத்த வேளியில் உள்ள தமிழ் பேசும் சலவைத் தொழிலாளர்களை அம்மாதங்களில் துணி உலரும் வேகத்தைப் பற்றிக் கேட்டால் போதும். கடற்காற்றுக் கொண்டுவந்த உப்புத் தூள் சுற்றுப் பலகையின்மேல் கோடையில் வெறும் தூசியாகக் கிடக்கும். மழை தொடங்கியதும் மின்சாரம் கடத்தும் நீர்ப்படலமாகிவிடும். அடுத்தடுத்த கால்களுக்கிடையே மின்சாரம் கசிய, திரையில் கட்டங்கள் ஒன்றிரண்டு மட்டும் நிறம் மாறித் துடிக்கும். மார்ச் மாதத்தில் மறைந்து ஜூலையில் திரும்பும் கோளாறு என்றால் அது சில்லின் குற்றமன்று, உப்பின் குற்றம்.

இதற்குச் சில்லு எதையும் மாற்ற வேண்டியதில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த மென்மையான தூரிகையால் பலகையின் இரு புறத்தையும் பின்புற இணைப்பின் தகடுகளையும் துடைக்க வேண்டும். இந்தத் திரவம் தீப்பற்றக்கூடியது. ஜன்னலைத் திறந்துவைத்து, விளக்குக்கும் அடுப்புக்கும் அப்பால் இவ்வேலையைச் செய்தல் நலம். சாக்கெட்டில் உள்ள சில்லுகளைச் சற்றே நெம்பி மறுபடியும் அழுத்தினால் கால்களில் படிந்த துரு தேய்ந்து தொடர்பு சீராகும். பல யந்திரங்களுக்கு இவ்வளவே போதுமானதாயிருக்கிறது.

மழைக்காலத்தில் பயன்படுத்தாத யந்திரத்தை மூடி இறுகிய டப்பாவில் ஸிலிகா ஜெல் பைகளோடு வைக்கலாம். நிறம் மாறும் வகை மணிகளானால், நிறம் மாறியதும் சூட்டில் உலர்த்தி மீண்டும் உபயோகிக்கலாம். டப்பாவிலிருந்து எடுத்த யந்திரத்துக்கு உடனே மின்சாரம் கொடுக்காமல், முதலில் மின்வழங்கியைத் தனியே அளந்து, பின்னர் இணைத்து, ஓரப்பட்டையையும் அந்த முதற்கணத்துச் சிவப்புக் கோடுகளையும் கவனிக்க வேண்டும். நாடாக்களையும் அதே டப்பாவில் வைக்கலாம். ஆனால் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கிக் காந்தத்துக்கு அருகில் வைக்கலாகாது.